குழந்தை நடிக்கப் போனால் கூடப் போவது யார்?



சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து உபதேசியார் கோயில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். ஏனாத்தூர்ப் பக்கத்திலிருந்து நம் கோயிலுக்கு வரும் ஓர் இளந்தம்பதியர் பங்கு இல்லத்தின் திண்ணையில் எனக்காகக் காத்திருந்தனர். கணவர் ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி செய்பவர். மனைவி தனியார் மருத்துவமனையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் செவிலியர். அவருக்கு இரவுப் பணி என்றால் இவருக்குப் பகற்பணி. வீட்டில் எப்போதும் ஒருவராவது இருக்கவேண்டும் என்று தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கை இருவரும் பிசகாமல் காத்து வந்தவர்கள். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள்.

அந்தச் சிறுமியை உங்களுள் பலர் அறிவீர்கள். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் சத்திரக்காரரின் மகளாக நின்றவள் அவளே. இடமில்லை என்று சத்திரக்காரர் கதவைச் சாத்தும் கட்டத்தில், எழுதிக் கொடுத்த வசனத்தில் இல்லாத ஒன்றை அவள் சொன்னாள்: "அப்பா, என் பாயைக் குடுத்துடலாமே!" கூட்டம் ஒரு கணம் அடங்கிப்போயிற்று. யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து ஊரெங்கும் அனுப்பினார்கள். அதன்பின் நடந்தவற்றில் எனக்கும் பங்குண்டு. ஒரு விளம்பரப் படத்தில் இரண்டு நாள் அவள் நடித்துவிட்டு வந்ததும், ஞாயிறு திருப்பலியின் அறிவிப்பில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் அவள் மறைக்கல்வி வகுப்புக்கு வரவில்லை. புதுநன்மைத் தயாரிப்பு பாதியில் நின்றது. அதை நான் கவனித்ததோ நான்காம் ஞாயிற்றில்தான்.

இப்போது ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அழைப்பு வந்திருந்தது. மாதத்தில் பாதி நாள் சென்னையில் படப்பிடிப்பு. தாய் பல நாள் இரவுக்கண் விழித்து ஈட்டுவதை மகள் ஒரே நாளில் ஈட்டிவிடலாம். தாய் கேட்டது ஒரே கேள்விதான்: "சாமி, நான் வேலையை விட்டுடட்டுமா?"

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. 'செபித்துவிட்டுச் சொல்கிறேன்' என்றேன். செபித்ததோடு கொஞ்சம் படிக்கவும் செய்தேன்.

பிள்ளைகள் நடிக்கப் போவது நமக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்கு வயது ஆறு. தந்தையை இழந்த வீட்டின் வறுமை எம்.ஜி. இராமச்சந்திரனையும் அவர் அண்ணன் சக்கரபாணியையும் பள்ளியிலிருந்து பிரித்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்நாளில் பையன்கள் வீட்டை விட்டுக் கம்பெனியிலேயே தங்கினார்கள்; ஊர் ஊராய்ச் சென்றார்கள்; பாட்டும் பாடமும் அங்கேதான், தண்டனையும் அங்கேதான். பெரும் கலைஞர்கள் பலர் அந்த வாசல் வழியே வந்தார்கள் என்பது உண்மை. வந்து பெயரின்றிக் கரைந்துபோன பையன்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதும் உண்மை.

திரைப்படம் வந்தபின் கதை வேறாயிற்று. பரமக்குடி வழக்கறிஞர் ஒருவரின் கடைக்குட்டி மகன் 1960 இல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா' படத்தில் நடித்துக் குடியரசுத் தலைவரின் தங்கப்பதக்கம் பெற்றார், அவர்தாம் கமல்ஹாசன். சிவகாசியை அடுத்த மீனம்பட்டியைச் சேர்ந்த வழக்கறிஞரின் மகள் ஸ்ரீதேவி நான்கு வயதிலேயே ஒளிவிளக்குகளின் முன் நின்றவர். படப்பிடிப்புத் தளத்தில் தாய் உடனிருந்தார், ஆனால் மற்றப் பிள்ளைகளைப் போன்ற பள்ளி வாழ்வு அவருக்கு வாய்க்கவில்லை. 2015 இல் வெளியான 'காக்கா முட்டை' சென்னைக் குடிசைப் பகுதியின் கதை. அதில் நடித்த சிறுவர் இருவரும் தேசிய விருது பெற்றதை நம் பிள்ளைகளும் அறிவர். இவ்வரலாறுகளைச் சொல்லித்தான் ஒருங்கிணைப்பாளர் என்று பெயர் சூட்டிக்கொண்ட தரகர்கள் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். சொல்லாமல் விடும் வரலாறும் ஒன்றுண்டு. அது அமெரிக்க நாட்டில் நடந்தது.

சார்லி சாப்ளினின் 'தி கிட்' என்னும் படம் 1921 இல் வெளிவந்தது. அதில் கந்தலாடைச் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் உலகப் புகழ் பெற்றான். அடுத்த சில ஆண்டுகளில் அவன் ஈட்டியது முப்பது நாற்பது இலட்சம் டாலர் என்பது மதிப்பீடு. 1935 இல் ஒரு கார் விபத்தில் தந்தை இறந்தார். அதே ஆண்டு கூகனுக்கு இருபத்தொரு வயது நிரம்பியது. தன் பணம் எங்கே என்று கேட்டான். தாய் மறுமணம் செய்திருந்தார். அவரும் மாற்றாந்தந்தையும் அதைச் செலவழித்திருந்தார்கள். அக்காலக் கலிபோர்னியச் சட்டப்படி வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே உரியது. 1938 இல் பெற்ற தாய்மீதே வழக்குத் தொடுக்கவேண்டியதாயிற்று. இறுதியில் அவன் கைக்கு வந்தது ஏறத்தாழ 1,26,000 டாலர். அந்த அவலத்தைக் கண்டே 1939 இல் அம்மாநிலம் குழந்தை நடிகரின் ஊதியத்தில் ஒரு பகுதியைக் காப்பாற்றிவைக்கச் சட்டம் இயற்றியது. இன்றும் அது கூகன் சட்டம் என்றே வழங்குகிறது. ஒரு பிள்ளை தன் வீட்டாரிடம் ஏமாந்ததால் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்த காவல் அது.

நம் நாட்டுச் சட்டமும் இதைப் பேசுகிறது என்பது அந்தத் தம்பதியருக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. ஆனால் திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் முதலியவற்றில் கலைஞராகப் பங்குபெற நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு கெடலாகாது என்பது அதன் அடிப்படை. 2017 இல் வந்த விதிகள் அந்நிபந்தனைகளை விரித்துரைக்கின்றன. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணிக்கு மேற்படலாகாது. தொடர்ச்சியாக இருபத்தேழு நாளுக்கு மேல் நடிக்க வைக்கலாகாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்னனுமதி பெறவேண்டும். அதில் பெற்றோரின் இசைவும், பிள்ளையின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட பொறுப்பாளர் ஒருவரின் கண்காணிப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கலாகாது. பிள்ளையின் வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரிலேயே தேசிய வங்கியொன்றில் வைப்புத்தொகையாகப் போடப்பட்டு, வயது வந்தபின் அதற்கே சேரவேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கவே கூடாது.

நல்ல விதிகள்தாம். ஆனால் ஐந்து மணி நேரம் என்பது வேலை நேரம். ஏனாத்தூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர். திருப்பெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலைக் கடந்து வடபழனிப் பக்கம் போய்ச்சேர இரண்டரை மணி, திரும்ப இரண்டரை மணி. ஒப்பனைக்கும், தன் முறை வரும்வரை காத்திருப்பதற்கும் ஆகும் நேரம் வேறு. விடியுமுன் நான்கரை மணிக்கு எழுப்பிய பிள்ளையை இரவு ஒன்பதுக்குத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கும் கணக்கு இது. இந்தக் கணக்கைப் போடவேண்டியவர் தாய்தந்தையரே அன்றி ஆட்சியர் அல்லர்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்துப் பழைய புண் ஒன்றைத் தொடாமல் செல்ல எனக்கு மனமில்லை. காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளர் ஒருவரால் ஆகாத வேலை அது; தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடாவை வாங்கித் தள்ள ஓர் உதவியாள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவை சின்னஞ்சிறு கைகள். வீட்டில் ஒரு கலியாணம், ஒரு நோய் என்றால் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவார்கள். பிள்ளை அந்தக் கடனோடு தறிக்குப் போகும். 1990களில் அப்பிள்ளைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்க அரசும் தொண்டர்களும் பட்டபாட்டை முதியோர் அறிவர். 'சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான்', 'தொழில் கற்றுக்கொள்கிறாள்', 'பிள்ளைக்கு அதில் விருப்பம்' என்று அன்று பெற்றோர் சொன்ன சொற்களை இவ்வாண்டு இத்திண்ணையில் மீண்டும் கேட்டேன். தறிக்கும் திரைக்கும் வேறுபாடு உண்டு, நான் மறுக்கவில்லை. தறியில் அமர்ந்த பிள்ளையை யாரும் கோயிலில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியதில்லை.

மறுவாரம் மூவரும் வந்தனர். பெரியவர்களோடு பேசுமுன், சிறுமியை அழைத்துக் கெபியின் முன்னால் உட்காரவைத்து, "நடிக்கப் பிடிக்குமா, அம்மா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் சாமி. ஆனா அழச் சொன்னா பிடிக்காது."

"ஏன்? நாடகத்தில் நீதான் நன்றாக அழுவாயே!"

அவள் சற்று நேரம் தன் காற்சட்டை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். தொடருக்கான தேர்வு நாளில் அவளுக்கு அழுகை வரவில்லையாம். யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து, 'உங்க அம்மா ஆஸ்பத்திரியிலேயே செத்துப் போயிட்டாங்க' என்று காதில் சொன்னாராம். அவள் அழுதாள். எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்களாம். அன்று தாய்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கூடப் போன பாட்டியை வெளியே மரத்தடியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

தாய்க்கு இச்செய்தி அன்றுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார், அவ்வளவே. தந்தை எழுந்து கோயில் முற்றம்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

ஒருங்கிணைப்பாளர் அவர்களிடம் சொல்லியிருந்தது இது: 'அம்மா வரவேண்டிய அவசியமே இல்லை, நாங்கள் ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வோம்.' இதைக் கேட்டபோது என் நெஞ்சில் பட்ட செய்தி ஒன்றைத் தயக்கத்தோடு எழுதுகிறேன். இந்தித் திரையுலகில் 1950களில் பெரும்பெயர் பெற்ற குழந்தை நடிகை டெய்சி இரானி. தமக்கு ஆறு வயதாக இருக்கையில், 1957 இல் வெளிவந்த ஒரு படத்தின் படப்பிடிப்புக்காகச் சென்னை வந்தபோது, துணைக்கென்று உடன் அனுப்பப்பட்ட ஆளாலேயே தாம் சிதைக்கப்பட்டதை அவர் 2018 இல் வெளிப்படையாகச் சொன்னார். அறுபது ஆண்டுகள் அதைச் சுமந்திருந்தார். பெற்றோர் இதைப் படித்துப் பதறவேண்டும் என்றே எழுதுகிறேன்.

எருசலேம் திருவிழா முடிந்து திரும்புகையில் மரியாவும் சூசையப்பரும் ஒருநாள் பயணத்தொலைவு சென்றபின்னரே பிள்ளை உடன் இல்லை என்பதை உணர்ந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்கள் அசட்டையானவர்கள் அல்லர். பயணக் கூட்டத்தில் உறவினரோடு இருப்பார் என்று எண்ணினார்கள். அந்தக் கூட்டம் சொந்தக்காரர் கூட்டம். அப்படியிருந்தும் மூன்று நாள் தேடவேண்டியதாயிற்று. மாற்கு நற்செய்தியில் இன்னொரு பிள்ளை வருகிறாள். ஏரோதின் பிறந்தநாளில் நடனமாடிய அவளைக் கிரேக்க மூலம் சிறுமி என்றே குறிக்கிறது. நம் ஓவியர்கள்தாம் அவளைப் பெரியவளாக்கிவிட்டார்கள். ஆடி முடித்ததும் என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கேட்கிறான். அவளுக்குத் தெரியவில்லை, ஓடிப்போய்த் தாயைக் கேட்கிறாள். பரிசைத் தீர்மானித்தவள் தாய். குருமடத்தில் இப்பகுதியைப் படித்த நாளில் திருமுழுக்கு யோவானை மட்டுமே நினைத்திருந்தேன். இப்போது அச்சிறுமியையும் நினைக்கிறேன்.

ஆக, தாய் வேலையை விடலாமா? கூடப் போகவேண்டியவர் பெற்றோரே என்று இவ்வளவு எழுதியபின், 'விடுங்கள்' என்றே நான் சொல்வேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். நான் சொன்னது அதற்கு மாறானது.

"விடாதீர்கள், அம்மா. நீங்கள் வேலையை விட்ட மறுமாதமே வீட்டு வாடகையைக் கட்டுவது இந்தக் குழந்தையாகிவிடும். அதன்பின் அவள் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் அதைக் கேட்க உங்களால் முடியுமா? முடியாது, அரிசிக்கடைக்காரருக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கும். உங்கள் சம்பளம் இருக்கிறவரைதான் அவள் 'வேண்டாம்' என்று சொல்லலாம்."

"அப்படியென்றால் கூடப் போவது யார், சாமி?" என்று கணவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. இருவருள் ஒருவரின் விடுப்பு எத்தனை நாள் இடம்கொடுக்கிறதோ அத்தனை நாளே பிள்ளையின் நடிப்பு என்றேன். விடுப்புக்குள் அடங்காத வேலை அந்தக் குழந்தையின் அளவுக்கு மிஞ்சிய வேலை. அத்தோடு, வேலையை விடும் பேச்சில் ஏன் மனைவியின் வேலை மட்டும் அடிபடுகிறது, உங்கள் வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்றும் சேர்த்துக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். (இக்கேள்வியை ஆண்கள் பலர் விரும்புவதில்லை. தெரிந்தே கேட்டேன்.)

திருச்சபை இதில் பேசாமல் இருந்துவிடவில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் எழுதிய தொழிலாளர் மடலில், உடலும் உள்ளமும் முதிருமுன் பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்பலாகாது என எச்சரித்தார். இரண்டாம் ஜான் பால் 1981 இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், குடும்பத்தைப் பேணப் போதுமான ஊதியம் வளர்ந்தவரின் உழைப்புக்குக் கிடைக்கவேண்டும் என்றார். தந்தையின் ஊதியமும் தாயின் ஊதியமும் சேர்ந்தும் ஒரு வீட்டுக்குப் போதாமல் இருக்கும்போதுதான் எட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் வருமானம் தெரியத் தொடங்குகிறது. இதில் அந்தப் பெற்றோரை மட்டும் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. வாங்கிய கடன் அவர்களுக்கும் உண்டு.

அன்னா தன் பிள்ளை சாமுவேலைச் சீலோவின் ஆலயத்தில் விட்டுவந்தவள். ஆயினும் ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடை தைத்து எடுத்துப் போனாள். தைக்கவேண்டுமானால் அளவு தெரியவேண்டும். இவ்வாண்டு பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவள் கணக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மறையுரையில் இதைச் சொன்ன ஞாயிறன்று அந்தத் தாய் முன்வரிசையில் இருந்தார்.

தொடர் வேண்டாம் என்று எழுதியனுப்பிவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் சினந்து பேசி, அதன்பின் அழைக்கவில்லை. மே விடுமுறையில் வேறொரு வழியாக ஒரு திரைப்படத்தில் சிறு வேடம் வந்தது, ஆறே நாள். தாய் தம் விடுப்பில் நான்கு நாளும், தந்தை இரவுப் பணி முடித்த கண்களோடு இரண்டு நாளும் கூடப் போனார்கள். ஆட்சியரின் அனுமதி நகலைக் காட்டுங்கள் என்று கேட்டபோது தயாரிப்பு நிர்வாகி முதலில் சிரித்தாராம்; இரண்டாம் நாள் கொண்டுவந்து காட்டினார். ஐந்து மணி ஆனதும் தாய் கடிகாரத்தைக் காட்டி எழுந்து நின்றாராம். சட்டம் சொல்வது 20 விழுக்காடு; இவர்கள் வந்த தொகை முழுவதையும் மகளின் பெயரில் போட்டுவிட்டு, பயணச் செலவைத் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். கடன் அப்படியே இருக்கிறது.

தேவமாதா விண்ணேற்புத் திருநாளன்று, காய்ச்சலால் தவறவிட்ட இரண்டு பையன்களோடு அவளும் புதுநன்மை வாங்கினாள். வரும் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு இப்போதே பெயர் கொடுத்திருக்கிறாள்: ஆட்டுக்குட்டி வேடம்தான் வேண்டுமாம், வசனம் வேண்டாமாம். நாடகத்தைக் கைப்பேசியில் படம்பிடிக்க அனுமதிப்பதா என்பதைப் பங்குப்பேரவையில் இரண்டு கூட்டங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை.